எழும்பூர் காவல் அருங்காட்சியகம்: ஏட்டய்யாவோடு ஒரு காலைப்பொழுது

பாந்தியன் சாலையில் அரசு அருங்காட்சியகத்துக்கும் கன்னிமாரா நூலகத்துக்கும் போகிறவர்களில் பாதிப் பேராவது அதே சாலையில் இருக்கும் பழைய கமிஷனர் ஆபீஸுக்குள் எட்டிப் பார்க்கலாம். 2013-ல் கமிஷனர் அலுவலகம் வேப்பேரிக்குப் போய்விட்டது, காலியான கட்டடத்தைச் சீரமைத்து 2021 செப்டம்பர் 28-ல் முதல்வர் ஸ்டாலின் தமிழ்நாடு காவல் அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். நான் போன மாதம்தான் போனேன். சென்னையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த என் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஓய்வு பெற்றது சிறப்பு எஸ்.ஐ.யாக, ஆனாலும் தெருவில் இன்றைக்கும் ஏட்டய்யா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

முதலில் கட்டடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே இருக்கிற பொருள்களிலேயே பெரியது அதுதான். 1842-ல் கட்டியது. அருணகிரி முதலியார் என்பவருடையது, போலீஸார் மாதம் 165 ரூபாய் வாடகைக்கு இருந்து, அப்புறம் 1856-ல் 21,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார்கள். அந்த 1856 முக்கியமான வருடம். கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்று நகரங்களின் காவலுக்கும் சேர்த்து ஒரே சட்டம் வந்ததும், போல்டர்சன் சென்னையின் முதல் கமிஷனராக உட்கார்ந்ததும் அப்போதுதான். அதற்கு முன்னால் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் பெத்த நாயக்கர் என்ற பட்டத்தோடு பரம்பரையாக ஒரு குடும்பம் தன் ஆட்களை வைத்து ஊர்க்காவல் பார்த்தது. ஜார்ஜ் டவுனில் இருக்கும் பெத்துநாயக்கன்பேட்டை அவர்கள் பெயரில் வந்ததுதான். ஒரு குடும்பத்தின் கையில் இருந்த காவல் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு துறையாக மாறியது, அதுவும் இந்தச் சுவர்களுக்குள்ளேயே நடந்தது என்று தெரிந்துகொண்டு படியேறினால் பார்க்கிற பார்வையே வேறு.

உள்ளே பழைய சீருடைகள், வாள்கள், துப்பாக்கிகள், வயர்லெஸ் கருவிகள், பேண்டு வாத்தியங்கள், பிடிபட்ட கள்ளநோட்டு இயந்திரம், மீட்கப்பட்ட சிலைகள் என்று நிறைய இருக்கின்றன. ஆயுதங்கள் இருக்கும் பக்கம் பிள்ளைகள் நகரவே மாட்டார்கள், எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. நான் அதிக நேரம் நின்றது சீருடைகளுக்கு முன்னால். மாமா வேலைக்குச் சேர்ந்தபோது போலீஸ்காரருக்கு அரைக்கால் சட்டைதான், எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான் முழுக்கால் சட்டை வந்தது. "கஞ்சி போட்டு வெறைப்பா நிக்கணும்டா, மடிப்பு கலைஞ்சா பரேடுல திட்டு விழும்" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு மாதிரி தொண்டை அடைத்தது.

துறை எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான், பட்டைகளையும் நட்சத்திரங்களையும் காட்டிக் காட்டி. கையில் பட்டை இல்லை என்றால் இரண்டாம் நிலைக் காவலர், இரண்டு பட்டை என்றால் முதல்நிலை, மூன்று பட்டை ஏட்டு. தோளில் இரண்டு நட்சத்திரம் எஸ்.ஐ., மூன்று நட்சத்திரமும் கூடவே சிவப்பு நீலப் பட்டையும் இருந்தால் இன்ஸ்பெக்டர், அந்தப் பட்டை இல்லாமல் வெறும் மூன்று நட்சத்திரம் என்றால் ஏ.சி., அதாவது உதவி கமிஷனர். இந்தக் கடைசி வித்தியாசம் எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. அதற்கு மேலே டி.சி. என்கிற துணை கமிஷனர், இணை கமிஷனர், கூடுதல் கமிஷனர், உச்சியில் கமிஷனர். ஸ்டேஷனுக்கு இன்ஸ்பெக்டர், சில ஸ்டேஷன்கள் சேர்ந்த சரகத்துக்கு ஏ.சி., மயிலாப்பூர், அடையாறு, பூக்கடை, வண்ணாரப்பேட்டை மாதிரி காவல் மாவட்டங்களுக்கு டி.சி. டி1 திருவல்லிக்கேணி, இ1 மயிலாப்பூர், ஆர்1 மாம்பலம் என்று ஸ்டேஷன் பலகையில் பார்க்கிறோமே, மாமா அந்த எண்ணைச் சொல்லித்தான் ஊரையே ஞாபகம் வைத்திருக்கிறார்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், ஒரு சம்பவம். சில வருடங்களுக்கு முன்னால் என் பைக் திருடு போனது. முதலில் போன ஸ்டேஷனில் "இது எங்க லிமிட் இல்லை" என்றார்கள், அடுத்த ஸ்டேஷனில் கிரைம் இன்ஸ்பெக்டர் வரட்டும் என்று சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சென்னையில் சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவுக்கு இன்னொருவர், போக்குவரத்து தனி என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது, யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். இப்போது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி பைக் திருட்டு மாதிரி குற்றம் என்றால் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்தாக வேண்டும், லிமிட் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்றையும் மாமா விளக்கினார். மாவட்டத்தில் எஸ்.பி. இருக்கிறார், நிர்வாக நடுவர் அதிகாரம், அதாவது அமைதி கெடாமல் இருக்கத் தடை உத்தரவு போடுகிற அதிகாரம், கலெக்டரிடம் இருக்கிறது. நகரத்தில் அந்த அதிகாரமும் கமிஷனரிடமே. 1888-ன் நகரக் காவல் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, ஊர்வலம், பொதுக்கூட்டத்துக்கு 15 நாள் தடை என்று செய்தியில் வருகிறதே, அது அந்தச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. ஒரே ஆளிடம் இவ்வளவு அதிகாரம் சேர்வது எனக்கு நெருடுகிறது. மாமா ஒத்துக்கொள்ளவில்லை, நகரத்தில் கலவரம் என்றால் இன்னொரு ஆபீஸில் கையெழுத்துக்குக் காத்திருக்க முடியுமா என்று கேட்டார். படிக்கட்டில் நின்றே கால் மணி நேரம் வாதாடினோம். ஊர் பெருத்ததால் 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம், ஆவடி என்று இரண்டு தனி கமிஷனர் அலுவலகங்கள் வந்ததை மட்டும் இருவரும் நல்லது என்றோம். ஆவடிக்காரர் மனு கொடுக்க நகருக்குள் இவ்வளவு தூரம் வர வேண்டாம்.

பெண் காவலர்கள் பற்றியும் நின்று படியுங்கள். 1973-ல்தான் தமிழ்நாட்டில் பெண்களைக் காவலர்களாக எடுத்தார்கள், 1992-ல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. என் அக்கா மகள் இப்போது எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறாள், அவளை அடுத்த முறை கட்டாயம் கூட்டி வர வேண்டும்.

கமிஷனர் அறை வாசலில் மாமா நின்றுவிட்டார். "இத்தனை வருஷத்துல இந்த வாசல் வரைக்கும்தான் வந்திருக்கேன், உள்ளே கூப்பிட்டதில்லை." நான் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உள்ளே வந்தார். வந்தும் எதையும் தொடவில்லை, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள், திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் ஓய்வு பெற்ற போலீஸ்காரர் யாராவது இருந்தால் அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மாமா தன் பேட்ச் ஆட்கள் நாலு பேருக்கு அன்று ராத்திரியே போன் போட்டுவிட்டார், கூட்டிப் போக எனக்கு என்றைக்கு லீவு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.