மொன் சென் மிஷேல் "கூட்டமில்லாத காலை" சுற்றுலா: எங்கட 436 யூரோ போச்சு, நீங்கள் கட்டாதீர்கள்

கை நடுங்க நடுங்க எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வருகிற சொந்தங்களை மொன் சென் மிஷேலுக்கு, அதுதான் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் உச்சியில் மடாலயம் இருக்கிற அந்தப் பாறைத் தீவுக்கு, கூட்டிப்போக யோசிக்கிற ஆக்கள் தயவுசெய்து முழுக்க வாசியுங்கள். நாலு பேருக்கு 436 யூரோ கட்டினோம். மடாலயத்துக்குள் ஒருவர்கூடக் கால் வைக்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கினம். அம்மாவுக்கு மிக்கேல் சம்மனசு மேல் அப்படியொரு பக்தி. 708இல் அவ்ரான்ஷ் ஆயர் ஒபேருக்குச் சம்மனசு தோன்றி, அந்தப் பாறையில் கோயில் கட்டச் சொன்ன கதை அவவுக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். உச்சியில் இருக்கிற மடாலயக் கோயிலில் மத்தியானப் பூசை காணவேணும், அவ்வளவுதான் அவ கேட்டது. ஆனால் ஆண்டுக்கு 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் வருகிற இடம். மேலே ஏற 350 படி அளவில் இருக்கு. இரண்டு பேருக்கும் முழங்கால் வருத்தம். ஓகஸ்ட் கூட்டத்துக்குள் அவர்களை இழுத்துக்கொண்டு போக ஏலாது என்றுதான் கூட்டமில்லாத நேரம் தேடினேன்.

அப்போது கண்ணில் பட்டது சுற்றுலா ரிக்கற் விற்கிற ஓர் இணையத்தளம். பெயர் போடவில்லை, பல நாட்டுச் சுற்றுலாக்களையும் விற்கிற பெரிய தளம் ஒன்று. விடிய 4 மணிக்குப் பாரிஸில் ஏற்றுவோம், சனம் வருமுன் மடாலயம், நுழைவு உட்பட, வரிசையில் நிற்கத் தேவையில்லை, ஆளுக்கு 109 யூரோ என்று போட்டிருந்தது.

உடனே காசு கட்டவில்லை. அவர்களுடைய அரட்டைப் பெட்டியில் எழுதிக் கேட்டேன்: மடாலய ரிக்கற்றும் இதற்குள் அடங்குமா? ஒரு நிமிசத்துக்குள் பதில் வந்தது, நுழைவு எல்லாம் அடங்கும் என்று. வயது போன இரண்டு பேர் வருகினம், படி ஏறுவது மெதுவாகத்தான் இருக்கும் என்று எழுதினேன். கவலைப்படாதீர்கள், வழிகாட்டி உங்கள் பெற்றோரோடு கூடவே நிற்பார், அவர்களுடைய வேகத்தில்தான் ஏறுவார் என்று எழுதினார்கள். அம்மாவின் பெயரைக்கூடக் கேட்டு, அவவுக்கு வாழ்த்தும் சொன்னார்கள். அந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவ கும்பிட்டுக்கொண்டா. அந்த வார்த்தையை நம்பித்தான் 436 யூரோ கட்டினேன்.

முதல் நாள் இரவு ஒரு குறுஞ்செய்தி: புறப்படும் நேரம் 7.30 ஆக மாறியிருக்கிறது. காரணம் ஒன்றும் இல்லை. தொலைபேசி எடுத்தால் இயந்திரம்தான் கதைத்தது.

பாரிஸிலிருந்து 360 கிலோமீற்றர் அளவு, நிற்காமல் ஓடினாலே நாலு மணித்தியாலம். இடையில் ஒரு கடையில் நீளமாக நிற்பாட்டினார்கள். போய்ச் சேர 12.30 தாண்டிவிட்டது, பூசையும் போச்சு. கூட்டம் உச்சத்தில் இருக்கிற நேரம் அது. வாகனங்கள் நிற்பது தீவிலிருந்து 2.5 கிலோமீற்றர் தள்ளி, கரையில். வழிகாட்டி அங்கேயே ஒரு வரைபடத்தைக் கையில் தந்து, 4.30க்குத் திரும்பி வாருங்கள் என்றார். மடாலய ரிக்கற் எங்கே என்று கேட்டேன். தங்களிடம் இருப்பது "தீவு நுழைவு" மட்டும்தானாம்!

தீவுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. யாரும் எந்த நேரமும் காசு கட்டாமல் ஊருக்குள் போகலாம். மடாலயத்துக்கு மட்டும்தான் ரிக்கற். கரையிலிருந்து பாலத்தால் ஓடுகிற பஸ்ஸும் இலவசம், அதையும் "போக்குவரத்து உட்பட" என்று விலைப்பட்டியலில் காட்டியிருந்தார்கள்.

கிராண்ட் ரூ தெருவில் தோளோடு தோள் இடிபட்டுத்தான் ஏறினோம். மடாலய வாசலில் நின்ற பிள்ளை மரியாதையாகச் சொன்னா: பின்னேரம் வரைக்கும் எல்லா நேரமும் நிரம்பிவிட்டது, அதற்குப் பிறகுதான் இடம் இருக்கு. எங்கட பஸ் 4.30க்கு. வளர்ந்த ஒருவருக்கு அங்கே கட்டணம் 20 யூரோவுக்கும் குறைவு. அப்பா படியிலேயே இருந்துவிட்டார். "பரவாயில்லை மகன், கீழ இருக்கிற கோயிலுக்காவது போவம்" என்றா அம்மா. சென் பியர் என்ற அந்த ஊர்க் கோயிலில் வெள்ளி மிக்கேல் சுரூபத்துக்கு முன்னால் நின்று செபித்தா. எனக்கு அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திரும்பி வந்து தளத்துக்கு எழுதினேன். பஸ் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். பஸ் நிறுவனமோ, நாங்கள் ஏற்றி இறக்குவது மட்டும்தான், தளத்தைக் கேளுங்கள் என்றது. திரும்பத் தளம்: சேவையை நீங்கள் பயன்படுத்திவிட்டீர்கள், காசு தர முடியாது. மடாலய ரிக்கற் அடங்கும் என்று எழுதிய அரட்டையின் படத்தை அனுப்பினேன். "நுழைவு" என்றுதான் எழுதியிருக்கிறோம், மடாலயம் என்று எழுதவில்லை என்கிறார்கள். நான் கேட்டதே மடாலயத்தைப் பற்றித்தானே! கடைசியில் அடுத்த பயணத்துக்கு என்று 40 யூரோ கூப்பன் அனுப்பினார்கள். 436 யூரோவுக்கு 40 யூரோ கூப்பன், அதுவும் அவர்களிடமே செலவழிக்க. வங்கிக்கு எழுதியிருக்கிறேன். நுகர்வோர் முறைப்பாடுகளுக்கான அரசாங்கத்தின் சிக்னல்கொன்சோ தளத்திலும் முறைப்பாடு போட்டிருக்கிறேன். வங்கிப் பதில் இன்னும் இல்லை.

கூட்டத்தைத் தவிர்ப்பது பற்றி விரிவாக எழுதத்தான் இருந்தேன், இப்போது மனம் வரவில்லை. மடாலய ரிக்கற்றை மடாலயத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் எடுங்கள், காலை முதல் நேரம் பார்த்து. 18 வயதுக்குக் கீழே இலவசம். பாரிஸின் மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரென் நகரம் வரை ரயில், அங்கிருந்து பஸ், ஒருவருடைய சுற்றுலாவும் தேவையில்லை. ஏலுமென்றால் முதல் நாளே பக்கத்து ஊரான பொந்தோர்சொனில் தங்குங்கள். பாரிஸ் பஸ்கள் மத்தியானம்தான் வந்து குவிகின்றன. பெரிய பை கொண்டுபோகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள். "வரிசை இல்லை" என்று யார் சொன்னாலும் பாதுகாப்புச் சோதனைக்கு எல்லாரும் நிற்கத்தான் வேணும். "நுழைவு உட்பட" என்றிருந்தால் எதற்கு நுழைவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

அந்த விளம்பரம் இன்று காலையும் ஓடுகிறது, அதே 109 யூரோவுக்கு.