அசையாத பறவை உறங்குகிறதா? கூடுப்பெட்டிக்கான இரவுக் கேமரா: ஒரு மதிப்பீடு

கூடுப்பெட்டியின் கூரைக்கு உட்புறம் பொருத்தும் சிறிய இரவுக் கேமரா ஒன்றை மூன்று மாதங்களாகப் பயன்படுத்திவருகிறேன். பறவைகள் உறங்குவதைப் பார்ப்பதற்கென்றே வாங்கியதால், படத்தின் தெளிவைவிட, உறக்கத்தைப் பற்றி அது சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதையே இங்கு அளவுகோலாகக் கொள்கிறேன்.

இருட்டைக் குலைக்காமல் படமெடுப்பதில் இந்தக் கருவியைக் குறைசொல்ல முடியாது. பல பறவைகள் நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் காண்பவை என்றாலும், அகச்சிவப்பு அவற்றின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இதில் உள்ளவை 940 நானோமீட்டர் அலைநீள விளக்குகள். 850 நானோமீட்டர் விளக்குகளில் தெரியும் மங்கிய சிவப்புப் பொட்டுகூட இவற்றில் இல்லை. இத்தனை கவனமாக வடிவமைத்தவர்கள், கேமரா இயங்குவதைக் காட்ட இரவெல்லாம் எரியும் நீல விளக்கொன்றை அதன் முகத்திலேயே வைத்தது ஏன் என்று விளங்கவில்லை. கறுப்பு டேப் ஒட்டி அதை மறைத்த பிறகுதான் பெட்டியை மரத்தில் ஏற்றினேன்.

முதல் வாரத்திலேயே ஓர் ஆண் சிட்டுக்குருவி பெட்டியில் அடையத் தொடங்கியது. பறவைகள் தலையை இறக்கைக்குள் புதைத்துத் தூங்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மையில் அது தலையைப் பின்னால் திருப்பி, அலகை முதுகுச் சிறகுகளுக்கிடையே செருகிக்கொண்டு, உடலெங்கும் சிறகுகளைப் புடைத்துப் பஞ்சுருண்டைபோல் ஆகிவிடுவதைத் தெளிவாகக் காண முடிந்தது. அத்தோடு சரி. மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அந்த உருண்டையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

பறவையின் உறக்கத்தை அறியக் கண்ணைப் பார்த்தாக வேண்டும். வரிசையாக உறங்கும் காட்டு வாத்துகளில் ஓரத்தில் இருப்பவை, வெளிப்புறம் நோக்கிய கண்ணைத் திறந்துவைத்து, மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவிடுகின்றன என்பது 1999இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஆகவே கேமராவைக் கழற்றிப் பக்கச் சுவருக்கு மாற்றினேன். அதற்கான தாங்கி கேமராவோடு வராததால் மரத்துண்டு ஒன்றைச் செதுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான், கல்போல் அசையாதிருந்த குருவி அவ்வப்போது ஒரு கண்ணைச் சற்றே திறந்து மூடுவதைப் பார்த்தேன். வாங்கிய பயனை உணர்ந்தது அன்றுதான்.

எனக்கு உடன்பாடில்லாதது, இதனோடு வரும் செயலி நாள்தோறும் காட்டும் ‘உறக்க நேர’க் கணக்கு. அசைவு இல்லாத நேரம் முழுவதையும் அது உறக்கமாக எழுதிக்கொள்கிறது. குருவி கண் திறந்திருந்த கணங்களும் அதில் உறக்கமே. அசைவுக்கும் விழிப்புக்கும் அப்படியொரு நேரடி உறவு கிடையாது. 2016இல் வெளியான ஆய்வில், கடலுக்கு மேல் நாள்கணக்கில் பறந்த கப்பற்பறவைகள் பறந்தவாறே நாளுக்குச் சராசரியாக 42 நிமிடம் உறங்கியது, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்ததால்தான் தெரிந்தது. கூட்டைக் காக்கும் சின்ஸ்ட்ராப் பென்குயின்களோ, 2023இல் வெளியான ஆய்வின்படி, சுமார் நான்கு நொடி நீளும் குட்டித் தூக்கங்களை நாளுக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் போட்டு, அவற்றாலேயே ஏறத்தாழ 11 மணி நேர உறக்கத்தைச் சேர்த்துவிடுகின்றன. இத்தகைய துண்டு உறக்கத்தை அசைவை மட்டும் எண்ணும் செயலியால் எப்படிப் பிரித்தறிய முடியும்?

பதிவுமுறையிலும் இதே கோளாறுதான். அசைவு கண்டால் மட்டும் பதிவுசெய்யும் அமைப்பில், குருவி சிறகு கோதுவதும் எச்சமிடுவதும் கிடைக்குமேயொழிய, உறங்குவது கிடைக்காது. தொடர்பதிவுக்கு மாற்றினால் மின்கலம் விடியும்வரை தாங்குவதில்லை. கம்பி இணைப்புள்ள வகையை வாங்குவதே மேல். ஒலிப்பதிவு சுமார்தான்.

உறக்க நேரக் கணக்கை அணைத்துவிட்டேன். மற்றபடி, பக்கச் சுவரில் பொருத்தி, இரவில் பொறுமையாக அமர்ந்து பார்ப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கூடு கட்டும் பருவம் தொடங்குவதற்கு முன்பே பொருத்திவிடுங்கள், முட்டையிட்ட பிறகு பெட்டியைத் திறக்கக் கூடாது.