மழைமானி, ரேடியோ, சோலார் லைட்: மலைநாட்டில் பாவித்துப் பார்த்த அனுபவம்

புயல் மழைக்கென்று வாங்கி வைத்ததில் எது உழைத்தது, எது சும்மா கிடந்தது என்று சொல்கிறேன். இருப்பது இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெரிய மழை என்றால் முதலில் போவது கரண்ட், பின்னாலேயே சிக்னல், அப்புறம் ரோட்டு.

முதல் இடம் மழைமானிக்குத்தான். மில்லிமீட்டர் கோடு போட்ட சாதாரண பிளாஸ்டிக் குழாய். மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிற கணக்கு தெரிந்தால் போதும்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 என்றால் வெளியேறத் தயார், 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ உடனே கிளம்ப வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது எங்கள் பக்கம் டவர் படுத்துவிட்டது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குப் பேசவும் வழியில்லை. "மழை கொஞ்சம் விடட்டும் தம்பி, போவோம்" என்று பக்கத்துக் காம்பரா (லயன் வீட்டு அறை) மாமா இழுத்துக்கொண்டே இருந்தார். டோர்ச் அடித்து மழைமானியில் தண்ணீர் ஏறியிருந்த கோட்டைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் பையைத் தூக்கினார்.

கூரைத் தண்ணீர் தெறிக்காத, மரத்தடி இல்லாத வெளியில் கம்பம் நட்டுக் கட்டுங்கள். அடைமழையில் குழாய் நிரம்பும் முன் அளவை எழுதிவிட்டு ஊற்ற வேண்டும், நடுராத்திரியில் அது பெரிய தொல்லைதான். ஆனால் பீலித் (ஊற்றுக் குழாய்) தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ நின்றாலோ, மேட்டில் வெடிப்பு தெரிந்தாலோ, நன்றாக இருந்த கதவு இறுகினாலோ குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ரேடியோவில், கையால் சுற்றும் வகை எனக்குப் பிடிக்கவில்லை, கைப்பிடி ஆடத் தொடங்கிவிட்டது. பெட்டரி போடும் பழைய மாதிரியே நல்லது, பெட்டரியை மட்டும் கழற்றித் தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே கசிந்து துருப்பிடித்துவிடும்.

சோலார் லைட் வெயில் காலத்துக்குச் சரி, நாள்கணக்கில் மூடுபனி கிடக்கும்போது அதை நம்ப முடியாது. பவர் பேங்கில் 20,000 mAh என்று போட்டிருந்தாலும் போனுக்கு வந்து சேருவது கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடதாசி எல்லாம் மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளிக்குள். 2.3 கிலோ காஸ் சிலிண்டர் வீட்டில் சமைக்க உதவும், ஆனால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வழுக்குகிற படியில் இறங்கும்போது அதை யார் சுமப்பது, விட்டுவிட்டுப் போங்கள்.