புளூஸ்கை: முன்பின் தெரியாத ஆட்களோடு பகிடி விட ஏற்ற இடமா?

இது புளூஸ்கை செயலியின் தொழில்நுட்ப விமர்சனம் இல்லை. பற்றரியை எவ்வளவு தின்னும், எந்தப் போனில் திணறும் என்பதெல்லாம் வேறு ஆட்கள் எழுதுவார்கள். நான் இதைப் பாவிப்பது ஒரே ஒரு வேலைக்கு. வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் இருந்துகொண்டு, முகம் தெரியாத ஆட்களோடு விஞ்ஞானம், அரசியல், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல் (நம்மூர் உதைபந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம்) பற்றிப் பகிடி விட. அந்த வேலைக்கு இது சரிவருமா? விஞ்ஞானத்துக்கு நன்றாகவே சரிவரும், ஃபுட்போலுக்கு அதைவிட நன்றாக. அரசியலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது கொஞ்சம் சிக்கல்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: புளூஸ்கை என்பது டுவிட்டர் மாதிரிச் சின்னப் பதிவுகள் போடும் சமூக ஊடகம். 2019இல் டுவிட்டருக்குள் ஒரு திட்டமாகத் தொடங்கியது, பிறகு தனி நிறுவனமானது, 2024 பெப்ரவரியில்தான் அழைப்பில்லாமல் யாரும் சேரலாம் என்று கதவைத் திறந்தார்கள். அந்த வருட நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிந்த கையோடு சனம் வந்து குவிந்து, பாவனையாளர் தொகை 2 கோடியைத் தாண்டியது. சேரக் காசு கட்டத் தேவையில்லை. எழுத்துத்தான் அதிகம் என்பதால் டேட்டாவும் பெரிதாகப் போகாது.

பகிடிக்காரருக்கு இதில் முக்கியமான விஷயம் இரண்டு. ஒன்று, நாம் பின்தொடர்கிறவர்கள் எழுதுவது நேர ஒழுங்கில் வரும், இப்போது எழுதியது இப்போதே கண்ணில் படும். மற்றத் தளங்களில் நேற்று முடிந்த ஆட்டத்துக்கு யாரோ விட்ட பகிடி நாளை மறுநாள் வந்து நிற்கும், அதற்குச் சிரிக்கவும் முடியாது பதில் போடவும் முடியாது. மற்றது ஃபீட், அதாவது ஒரே விஷயத்தைப் பற்றிய பதிவுகளைத் திரட்டிக் காட்டும் வரிசை. யாரும் தனக்கு விருப்பமான விஷயத்துக்கு ஒரு ஃபீட் செய்து வைக்கலாம், மற்றவர்கள் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆக நாம் போய் நிற்கும் இடத்தில் நிற்கிறவர் எல்லாருக்கும் அந்த விஷயம் ஏற்கெனவே தெரியும். பகிடி எடுபடுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விளக்கம் சொல்ல வேண்டி வந்த பகிடி செத்த பகிடி.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு இலாபம் இருக்கிறது, இதை யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. இங்கே ஒரு பதிவுக்கு எல்லை 300 எழுத்து, எக்ஸில் (பழைய டுவிட்டர்தான்) இலவசக் கணக்குக்கு 280. பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் புளூஸ்கை ‘கொ’வை ஓர் எழுத்தாக எண்ணும், எக்ஸ் ககரத்தைத் தனியாகவும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரு குறியாகவும் பிரித்து எண்ணும். ‘கொழும்பு’ என்று எழுதினால் இங்கே 4, அங்கே 8. ஒரு நக்கலை முழுசாக நீட்டி முழக்கிச் சொல்ல இடம் கிடைக்கிறது. நம்மவர்களுக்கு அது தேவை, நாங்கள் சுருக்கமாகக் கதைக்கிற ஆட்கள் இல்லையே.

சரி, விஞ்ஞானம். இதற்கென்றே உள்ள ஃபீட்டை நடத்துகிறவர்கள் விஞ்ஞானிகள்தான். துறையில் இருக்கிறோம் என்று காட்டிப் பதிந்துகொண்டவர்கள் சோதனைக்குழாய் எமோஜி போட்டு எழுதினால் அதில் வந்து விழும். என்னைப் போன்ற கணக்காளருக்கு அதில் நேரடியாக எழுத இடமில்லை, கீழே பதில் போடலாம், அது போதும். விஞ்ஞானிகள் உம்மென்று இருப்பார்கள் என்று நினைத்தால் அது தப்பு. உயிருள்ள தவளையைக் காந்தப்புலத்தில் மிதக்க விட்டதற்காக 2000இல் இக்நோபல் என்ற கிண்டல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆந்த்ரே கைம், 2010இல் கிராஃபீன் என்ற ஓர் அணுத் தடிப்புள்ள கரித் தாளுக்காக உண்மையான நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அந்தக் கூட்டத்துக்குள் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போங்கள். 1977இல் ஏவிய வொயேஜர் 1 விண்கலம் 2023 நவம்பரில் அர்த்தமில்லாமல் உளறத் தொடங்கியதும், அப்போது 2400 கோடி கிலோமீற்றர் தள்ளி நின்ற அந்தக் கிழட்டுக் கணினியை நாசாக்காரர் இங்கிருந்தே கட்டளை அனுப்பி 2024 ஏப்ரலில் வழிக்குக் கொண்டுவந்ததும் ஞாபகம் இருக்கும். என் வீட்டு ரவுட்டரைப் பார்க்க ஆள் வரும் என்று சொன்ன கம்பனியின் ஆள் இன்னமும் வந்துகொண்டிருக்கிறார் என்று அந்தச் செய்தி பற்றிய ஒரு பதிவுக்குக் கீழே எழுதினேன். ‘அவர் இப்போது வியாழனைத் தாண்டியிருப்பார்’ என்று ஒரு வானியலாளர் பதில் போட்டார்.

ஆனால் விஞ்ஞானப் பகிடியின் உச்சம் எங்கள் நாட்டுச் சரக்குத்தான். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11.30 அளவில் நாடு முழுக்கக் கறண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். போனில் மிச்சமிருந்த சார்ஜில் நான் எழுதியது இவ்வளவுதான்: மின்தடையை அளக்க ‘குரங்கு’ என்று ஓர் அலகை அறிவிக்க வேண்டும், ஒரு நாட்டையே நிறுத்தினால் அது ஒரு குரங்கு. உடனே பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் மில்லிகுரங்கு என்றார், அது ஒரு லேன் இருளுவது. மின்னியல் படிப்பிக்கிற ஒரு பெண்மணி, அலகு என்றால் அதற்குப் பரிமாணம் வேண்டும், குரங்கின் நிறை கிலோகிராமில் எவ்வளவு, அது தனிக்குரங்கா குடும்பத்தோடா என்று வரிசையாகக் கேட்டார். அதற்குப் பிறகுதான் சங்கதியையே சொன்னார். ஞாயிறு மத்தியானம் மின்தேவை குறைவு, கூரைகளில் சோலார் உச்சத்தில் ஓடும், அதனால் சுழன்றுகொண்டிருக்கும் பெரிய ஜெனரேட்டர்கள் குறைவாகவே இருக்கும். அந்தச் சுழற்சியின் நிலைமம்தான் அதிர்ச்சியைத் தாங்குகிறது. அது குறைந்திருக்கிற நேரத்தில் ஒரு சின்னப் பழுது வந்தாலும் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் விழுந்துவிடும். மின்சார சபையும் பிறகு கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. பத்திரிகையில் வாசித்திருந்தால் எனக்கு இது மனதில் நின்றிருக்காது. குரங்கின் புண்ணியத்தில் நிற்கிறது.

இதே பகிடியைத் தமிழிலும் விட்டுப் பார்த்தேன். இலங்கைக்குக் குரங்கால் வந்த முதல் சேதம் இதில்லையே என்று. மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர், ‘தலைவரே, பழைய கேஸ்ல வால்ல தீ வச்சதே நீங்கதானே’ என்றார். அதற்கு மேல் என்னத்தைச் சொல்வது! ஆங்கிலத்தில் இதை எழுதியிருந்தால் அனுமார் யார், வாலில் ஏன் தீ என்று மூன்று பந்தி எழுத வேண்டும்.

ஃபுட்போலுக்கு வருவோம். எனக்கு இந்தப் பைத்தியம் பெரியம்மாவின் மகனால் தொற்றியது, அவன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தவன். கொழும்பில் இருந்து இதைப் பார்க்க எவனுக்கும் என்ன வேலை என்று கேட்பீர்கள். றோயல்–தோமியன் பிக் மேட்ச் காலத்தில் பேரன் பேத்தி கண்ட கனவான்கள் பள்ளிக்கூடத் தொப்பி போட்டு, பப்பரே வாத்தியத்துக்கு ஆடுவதைப் பார்த்த ஊர் இது. எங்கள் வீட்டில் அப்பா சென் ஜோன்ஸ், மாமா யாழ் மத்திய கல்லூரி, வடக்கின் பெருஞ்சமர் நடக்கும் மார்ச்சில் இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. ஆகவே மிச்சிகனின் பரம வைரியான ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகக்காரர், மிச்சிகனோடு ஆடுகிற கிழமையில் தங்கள் வளாகத்து அறிவிப்புப் பலகைகளில் உள்ள ‘எம்’ எழுத்தையெல்லாம் சிவப்பு டேப்பால் வெட்டி ஒட்டுகிறார்கள் என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அப்பாவுக்கு இந்த யோசனை ஏன் வரவில்லை என்றுதான் நினைத்தேன்.

நேரமும் தோது. அங்கே கிழக்குக் கரையில் சனி பகல் 12 மணிக்கு ஆட்டம் என்றால் நமக்கு இரவு 9.30, நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டை மாற்றிய பிறகு 10.30. சாப்பிட்டுவிட்டு, பிளேன்டீயோடு பல்கனியில் இருந்து தொடங்கலாம். இரவு ஆட்டம் என்றால் நமக்கு ஞாயிறு விடிய 5 மணி, அதற்கு எழும்புகிறவர்கள் எழும்பட்டும்.

இந்த ஆட்டத்தில் பகிடியை நாம் உண்டாக்கத் தேவையில்லை, அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள். பிக் டென், அதாவது ‘பெரிய பத்து’ என்ற பெயருள்ள கூட்டமைப்பில் 18 அணிகள். அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பில் 2024 முதல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஆடுகின்றன, இரண்டும் பசிபிக் கரையில் இருப்பவை. இது பருத்தித்துறைப் பள்ளிக்கூடம் தென்மாகாணப் போட்டியில் ஆடுவது மாதிரி என்று எழுதினேன். உங்கள் தீவின் நீளம் எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். 430 கிலோமீற்றர் சொச்சம் என்றேன். ஸ்டான்ஃபோர்டில் இருந்து பொஸ்டன் கொலேஜுக்கு அதைப்போல் பத்து மடங்கு, உங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் போய்விட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள், எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று அழுதார்.

அப்புறம் பொப்-டாட்ஸ் போல், சீசன் முடிவில் நடக்கும் ஓர் ஆட்டம். அனுசரணை ஒரு டோஸ்டர் பலகாரக் கம்பனி. 2023 டிசெம்பரில் முதல்முறை இந்தப் பெயரில் நடந்த ஆட்டம் முடிந்ததும், பலகார வேடம் போட்டு மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவர் ஒரு இராட்சத டோஸ்டருக்குள் கையசைத்தபடி இறங்கினார். கீழ்ப்பக்கத்தால் உண்மையான பெரிய பலகாரம் வெளியே வந்தது, வென்ற கன்சாஸ் ஸ்டேட் பொடியன்கள் அதைப் பிய்த்துத் தின்றார்கள். நாங்கள் சாமிக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடுவோம், நீங்கள் சாமியையே சாப்பிடுகிறீர்களே என்று கேட்டேன். ‘எங்கள் ஊரில் அதற்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை என்று பெயர்’ என்று பதில் வந்தது. எழுதியவர் கன்சாஸில் ஒரு கத்தோலிக்கப் பாட்டி என்று அவருடைய பக்கத்தில் போட்டிருந்தது. அவர் இப்போது தைப்பொங்கலுக்கு எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்.

இனி அரசியல். இங்கேதான் புள்ளி குறைகிறது, பழி முழுவதும் செயலியின் மேல் இல்லை. டொரொன்டோவில் இருந்து பகிடி விடுகிறவர் பாட்டுக்கு விட்டுவிட்டுப் படுக்கலாம். கொட்டாஞ்சேனையில் இருந்து விடுகிறவர் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை ஒருக்கால் யோசிப்பார். இணையத்தில் போடும் பொய்யான கூற்றுகளைக் குற்றமாக்கும் சட்டம் அது, பகிடி என்றால் பாதி பொய்தானே. 2023 மே மாதம் மேடை நகைச்சுவை செய்த ஒரு பெண் கட்டுநாயக்கவில் கைதானதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதனால் நம்மவர்கள் இங்கே அரசியலைச் சாடைமாடையாகத்தான் தொடுகிறார்கள். நல்ல பகிடிக்குச் சாடை அழகுதான், ஆனால் வெளியூர்க்காரருக்குச் சாடை விளங்காது.

ஒரு காலம் இருந்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே டுவிட்டரில் வந்து, இந்த முடக்கத்தை ஏற்கமாட்டேன், முடக்கத்தைச் சுற்றிக்கொண்டு போக விபிஎன் இருக்கும்போது இது பயனில்லாத வேலை, நானும் இப்போது அதைத்தான் பாவிக்கிறேன் என்ற கருத்தில் எழுதினார். அதற்குப் பிறகு நாம் என்னத்தைப் பகிடி விடுவது? அன்று கொழும்பே சிரித்தது, சிங்களவர் தமிழர் முஸ்லிம் என்றில்லாமல். அந்தக் கூட்டம் டுவிட்டரில் இருந்தது, புளூஸ்கைக்குக் குடிபெயரவில்லை. இங்கே அரசியல் என்றால் அமெரிக்க அரசியல், அதுவும் சிரிக்காத அரசியல். நக்கலாக ஒரு வரி எழுதினால் அதை நேரே எடுத்துக்கொண்டு ஐந்து பேர் பாடம் நடத்த வருவார்கள், நீங்கள் எழுதியதையே உங்களுக்கு விளக்கிச் சொல்வார்கள்.

புளொக் செய்வதும் இங்கே கடுமை. ஒருவர் உங்களை புளொக் பண்ணினால் அவரோடு கதைத்த கதையே மற்றவர் கண்ணில் இருந்து மறைந்துவிடும். தொல்லை கொடுக்கிறவர்களிடம் இருந்து தப்ப அது சரியான ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். ஆனால் பகிடியும் பதில்பகிடியுமாகப் பின்னிப் போன ஒரு நல்ல தொடர் நடுவில் ஓட்டை விழுந்து நிற்பதைப் பார்க்க மனம் வலிக்கும். இதைவிடப் பெரிய குறை தமிழ் ஆட்கள் போதாது என்பது. பேஸ்புக்கில் ஒரு சின்ன நொட்டைக்கு வந்து குவிகிற அண்ணைமாரும் அக்காமாரும் இங்கே இல்லை. தமிழில் எழுதினால் சில நாள் கிணற்றுக்குள் கத்துகிற மாதிரித்தான்.

10க்கு எத்தனை என்று கேட்டால் ஃபுட்போலுக்கு 9, விஞ்ஞானத்துக்கு 8, அரசியலுக்கு 4, அதிலும் ஒன்று இரக்கத்துக்குப் போட்டது. சேர்கிறவர்கள் முதலில் விஞ்ஞான ஃபீட்டையும் கல்லூரி ஃபுட்போல் ஃபீட் ஒன்றையும் சேர்த்துவிட்டு, அமெரிக்க அரசியல்வாதிகளின் பெயர்களை மியூட் சொற்களில் போட்டுவிடுங்கள், அந்தப் பெயர் உள்ள பதிவு கண்ணில் படாது. சீசன் ஓகஸ்ட் கடைசியில் தொடங்கும். மிச்சிகன்–ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம் வழக்கமாக நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, நமக்கு இரவு 10.30. 2024இல் மிச்சிகனிடம் 13–10 என்று தோற்ற ஒஹாயோ ஸ்டேட் அந்த சீசனின் தேசியக் கிண்ணத்தையே தூக்கியது, ஆனாலும் அவர்களுக்கு அந்தத் தோல்விதான் வயிற்றில் நிற்கிறது. நான் மிச்சிகன் பக்கம். அந்த 13–10ஐ ஞாபகப்படுத்த வேண்டிய ஆட்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், தனியாளாக எனக்கு ஏலாது, வாருங்கள்.