பத்துச் சொல்லா, நான்கு படியா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் ஒருவரிடம் "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்க இரண்டு வழிகள் இருக்கின்றன. 1981-இல் தொடங்கிய உலக மதிப்புகள் ஆய்வு குடும்பம், நண்பர்கள், ஓய்வு, அரசியல், வேலை, மதம் ஆகிய ஒவ்வொன்றையும் 'மிக முக்கியம்' முதல் 'முக்கியமே இல்லை' வரை நான்கு படிகளில் அளக்கச் சொல்கிறது. நாடுகளை ஒப்பிட வசதிதான். ஆனால் குடும்பத்தை யார் குறைத்துச் சொல்வார்கள்?

ரிச்சர்ட் பாரெட் உருவாக்கிய பாரெட் முறை வேறு. 'நேர்மை' போன்ற மதிப்புகளின் நீண்ட சொற்பட்டியலிலிருந்து தமக்குரியவை பத்து, இன்றைய நாட்டில் காண்பவை பத்து, காண விரும்புபவை பத்து என்று பொறுக்கச் சொல்கிறது. வேலையிடத்தைப் பற்றியும் இப்படியே கேட்கலாம். 'நேர்மை' மூன்றாம் பட்டியலில் வந்து இரண்டாவதில் வராவிட்டால், குறை எங்கே என்று தெரிந்துவிடுகிறது.

சிக்கல் 'நாடு' என்ற சொல்லில். எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் தமிழருக்கு எது நாடு? மலையாளத்தில் அது சொந்த ஊரையும் குறிக்கும். 'இந்தியா' என்று விளக்காமல் படிவத்தை நீட்டினால் பதில் பாலக்காட்டைப் பற்றியதாகிவிடும்!

என் தேர்வு பாரெட் முறை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதியவரிடம் மட்டும் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, நான்கு படிகளில் வாய்மொழியாகக் கேட்பேன்.