காய்ந்த சரிவுக்கு எந்தக் காட்டுப் பூசணி?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மண் சரிவு. ஐந்து ஆண்டுகளாக அதில் எதுவும் தரிக்கவில்லை. அரிசோனாவின் டூசானில் ஆண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ 280 மில்லிமீட்டர். அதில் பாதியளவு ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் இடியோடு கொட்டி, மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும். புல் வளர்த்தால் தண்ணீர்க் கட்டணம் கட்டி மாளாது. ஆகவே இந்த வட்டாரத்துக் காட்டுப் பூசணிகள் இரண்டை ஒரே பருவத்தில் ஊன்றினேன். ஒன்று பஃபலோ பூசணி, தாவரவியலில் குக்குர்பிட்டா ஃபீட்டிடிஸிமா. மற்றது விரலிலைப் பூசணி, குக்குர்பிட்டா டிஜிட்டாட்டா. இப்போது நான் பஃபலோ கட்சி. அதை மறைத்துக்கொண்டு எழுதப் போவதில்லை.

இரண்டுக்கும் பொதுவானவை: மஞ்சள் பூ, டென்னிஸ் பந்து அளவில் வரி போட்ட பச்சைக் காய், வாயில் வைக்க முடியாத கசப்பு. பேய்க்குமட்டியைத் தெரியாமல் கடித்தவர்களுக்கு அந்தக் கசப்பை விளக்க வேண்டியதில்லை. அங்கும் இங்கும் குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள்தான். தோட்டத்துச் சமையல் பூசணியும் கசந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், இரண்டுமே அவற்றோடு எளிதில் கலப்பதில்லை.

அழகுப் போட்டி என்றால் விரலிலைக்குத்தான் பரிசு. ஐந்து விரல்களாகப் பிளந்த ஒல்லியான இலை, நரம்போரம் வெள்ளைத் தீற்றல். கம்பிவேலியில் ஏற்றிவிட்டால் வரைந்து வைத்தது போல இருக்கும். தரையில் விட்டால் அந்த ஒல்லி இலைகளுக்கு நடுவே மண்தான் தெரிகிறது. என்னிடம் இருப்பது ஒரே செடி, அதுவும் இரண்டு மழைக்காலம் மட்டுமே பார்த்தது. வயதானால் அடர்ந்து படரலாம். என் தீர்ப்பில் அந்த அளவுக்குத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

பஃபலோவின் குறை அதன் பெயரிலேயே இருக்கிறது. ஃபீட்டிடிஸிமா என்றால் லத்தீனில் மிகவும் நாற்றமடிப்பது. இலையைக் கசக்கினால், வியர்வையில் நனைந்த சட்டையை இரண்டு நாள் பைக்குள் மூடி வைத்துத் திறந்த வாடை. கசக்காதவரை தொல்லையில்லை. ஜன்னலை ஒட்டி நடாதீர்கள், அவ்வளவுதான்.

என்னை அதன் பக்கம் சாய்த்தது கிழங்கு. இந்த ஊரில் உயிர்களைச் சோதிக்கும் காலம் மே, ஜூன். வெயில் 40 டிகிரியைத் தொடும், ஒரு சொட்டு மழை இருக்காது. சரிவுக்கு நிழல் வேண்டியதும் அப்போதுதான். என் விரலிலை ஜூலை மழை வரும்வரை சோம்பிக் கிடந்தது. பஃபலோவோ ஏப்ரலிலேயே தலை நீட்டி, ஜூன் முடிவதற்குள் ஆறு மீட்டர் ஓடிவிட்டது. சாம்பல் பூத்த முக்கோண இலைகள் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையை மூடிக்கொண்டன. முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் ஊற்றினேன். அதன்பின் ஊற்றவில்லை. மண்ணுக்குள் அது சேர்த்து வைத்திருக்கும் நீரும் மாவுச்சத்தும்தான் செலவைப் பார்த்துக்கொள்கின்றன. டிசம்பர் உறைபனியில் கொடி கருகும். வாரி எடுத்துப் போடுவதுதான் ஆண்டுக்கு ஒருமுறை வேலை. காய்ந்த காய்களைப் பிள்ளைகள் கிலுகிலுப்பையாக்கிக்கொள்வார்கள்.

அதே கிழங்குதான் வில்லங்கமும். 50 கிலோவைத் தாண்டிய கிழங்குகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். போதாததற்கு, கொடியின் கணு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுத் தனிச் செடியாகிவிடும். அப்படி ஒன்று எங்கள் தண்ணீர்க் குழாய்க்கு அரை மீட்டரில் இறங்கிவிட்டது. கொடியை அறுத்தேன், பத்தே நாளில் துளிர்த்தது. பிறகு கடப்பாரையோடு இறங்கி, சுக்கான்பாறையைக் கொத்திக் கொத்தி ஒரு சனி, ஞாயிறு முழுவதும் போனது. சின்ன முற்றம் உள்ளவர்களும் வாடகை வீட்டுக்காரர்களும் விரலிலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இடமிருந்தால், குழாய், சுவர், நடைபாதை மூன்றிலிருந்தும் நான்கைந்து மீட்டர் தள்ளி நடுங்கள். பிறகு மனம் மாறக் கூடாது.

எண்ணெய்க்காக வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விதையில் எண்ணெயும் புரதமும் நிறைய; வறண்ட நிலத்துக்கான பயிராக இதை 1946-லேயே பரிந்துரைத்தார்கள், அரிசோனா பல்கலைக்கழகத்திலும் ஆய்வு நடந்தது. ஆனாலும் பெரிய பயிராக வேரூன்றவில்லை. நான் ஒருமுறை விதைகளைக் கழுவி வறுத்துப் பார்த்தேன். நார் ஒட்டியிருந்த நாலைந்து விதை மொத்த வாணலியையும் கெடுத்துவிட்டது.

விரலிலையைப் பிடுங்கிவிடவில்லை. வேலியோரம் அதுவும் இருக்கிறது. விடியலில் விரியும் பூக்கள் இரண்டு கொடியிலும் முற்பகலுக்குள் கூம்பிவிடும். கூம்பிய பூவை மெல்லப் பிரித்தால் உள்ளே ஆண் பூசணித்தேனீ ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். அது இரண்டு கட்சியிலும் இருக்கிறது.