டீம் ஃபோர்ட்ரெஸ் 2: புதிதாக வருகிறவர்களுக்கு சோல்ஜர்தான் சரி

இரண்டு டீம்கள் ஆன்லைனில் மோதும் துப்பாக்கிச் சண்டை கேமான டீம் ஃபோர்ட்ரெஸ் 2 வெளிவந்தது 2007 அக்டோபரில். 2011 ஜூனிலிருந்து இலவசம். இவ்வளவு பழைய கேமைப் பற்றி இப்போது எழுதக் காரணம் உண்டு. மல்டிபிளேயர் ஷூட்டர் பக்கமே வராத யாராவது எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், இன்றும் நான் இதைத்தான் சொல்கிறேன். காசு வேண்டாம், சுமாரான கம்ப்யூட்டரே போதும். ஆனால் உள்ளே நுழைந்ததும் ஒன்பது கிளாஸ்கள், அதாவது ஆடத் தேர்ந்தெடுக்கும் பாத்திரங்கள், வரிசையாக வந்து நிற்கும். புது ஆள் திணறுவது அங்கேதான். அதனால் கேம் முழுவதையும் அளக்காமல் அந்த ஒரு தேர்வைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சோல்ஜரை எடுங்கள். கையில் ராக்கெட் லாஞ்சர், பக்கத்துணைக்கு ஷாட்கன், கடைசிக்கு ஒரு மண்வெட்டி. உயிர் 200 புள்ளி. 300 புள்ளி உள்ள ஹெவிக்கு அடுத்தபடி இவர்தான். நடை மட்டும் மெதுவு.

பழகியவர்கள் பலர் புது ஆளிடம் "மெடிக் எடு, குறி பார்த்துச் சுட வேண்டிய வேலையே இல்லை" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டீமைக் குணப்படுத்தும் மெடிக்குக்கு உயிர் 150தான். யாரைக் குணப்படுத்த வேண்டும், ஆபத்து எந்த வாசலில் வரும், தனக்கும் கூட இருப்பவருக்கும் அடி படாமல் காத்து எட்டு விநாடி மட்டுமே நிற்கும் யூபர்சார்ஜை எப்போது அவிழ்க்க வேண்டும் என்றெல்லாம் மேப் (சண்டை நடக்கும் களம்) மனப்பாடம் ஆனபிறகுதான் பிடிபடும். எதிரி வேஷத்தில் உள்ளே நுழையும் ஸ்பைக்கு மற்ற எட்டுப் பேரின் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்னைப்பர் தூரத்தில் நின்றுவிடுவார், சண்டை எப்படி நடக்கிறது என்றே கற்றுக்கொள்ள முடியாது. சோல்ஜர் சண்டையின் நடுவிலேயே இருப்பார், ஆனாலும் ஒரே அடியில் சுருண்டு விழ மாட்டார். கற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

எங்கள் சித்தி மகன் ஆட வந்த புதிதில் அவனுக்கு ஒரே எரிச்சல். "அண்ணா, ராக்கெட் போய்ச் சேர்றதுக்குள்ள அவன் நகர்ந்துடறான்!" என்றான். "ஆளைப் பார்த்துச் சுடாதேடா, அவன் காலடித் தரையைப் பார்த்துச் சுடு" என்றேன். ராக்கெட் வெடிக்கும்போது சுற்றியிருப்பவர்களுக்கும் அடி விழும், எதிரி கொஞ்சம் மேலே தூக்கி எறியப்படுவான். அந்தரத்தில் இருப்பவன் நினைத்தபடி விலக முடியாது, அடுத்த ராக்கெட்டை அவன் விழப்போகும் இடத்துக்கு அனுப்பலாம். இது புரிந்ததும் அவன் ஆட்டமே மாறிவிட்டது. துல்லியமாகக் குறி வைக்கும் கை இன்னும் வரவில்லை, ஆனாலும் டீமுக்குப் பிரயோஜனமாக இருந்தான். புதிதாக வருபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

சோல்ஜரை நான் சொல்ல இன்னொரு காரணம், எதற்கும் வளைந்துகொடுப்பார், டீமில் எது குறைந்தாலும் ஓரளவு ஈடுகட்டுவார். பேட்வாட்டர் மேப்பில் டீம் இலக்கு வரை கொண்டுபோக வேண்டிய வண்டியைத் தள்ள ஆளில்லையா, அடி தாங்கிக்கொண்டு கூடவே நிற்கலாம். எதிரணி இன்ஜினியர் மூலையில் சென்ட்ரி என்ற தானாகச் சுடும் துப்பாக்கியை வைத்திருக்கிறாரா, சுவர் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்து ஒரு ராக்கெட்டை விட்டுவிட்டு ஒளிந்துகொள்ளலாம். மூன்றாம் நிலை சென்ட்ரிக்கு 216 புள்ளி, ராக்கெட் ஒன்று ஏறக்குறைய 90. சரிசெய்ய இன்ஜினியர் ஸ்பேனரோடு பக்கத்தில் இல்லையென்றால் மூன்றே போதும். தற்காப்பு என்றால் மேடான இடமாகப் பார்த்து நின்று கீழ்நோக்கிச் சுடலாம். பஃப் பேனர் என்ற கொடி கிடைத்தால் சுற்றியிருக்கும் நம் ஆட்களின் அடியையும் பத்து விநாடிக்கு 35 சதவீதம் கூட்டலாம். ஆறுக்கு ஆறு போட்டிகளில் வழக்கமாக ஒரு டீமில் இரண்டு சோல்ஜர்கள் இருப்பார்கள். புதிதாக வரும்போது பிடித்த கிளாஸை எவ்வளவு முன்னேறினாலும் கைவிட வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. லாஞ்சரில் நான்கு ராக்கெட்தான். ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற வேண்டும், காலியாகி நான்கும் நிரம்ப மூன்று விநாடிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் வேகமாக ஓடும் ஒரு ஸ்கவுட் வந்தால் சிக்கல்தான். இரண்டு சுட்டதும் மறைவுக்குப் போய் நிரப்பிக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். நெருப்பு கக்கும் பைரோ எதிரில் வந்தால் இன்னும் கவனம் தேவை. காற்றை ஊதி நம் ராக்கெட்டை நம்மிடமே திருப்பி அனுப்பிவிடுவார். அவரைப் பார்த்ததும் ஷாட்கனுக்கு மாறிவிட வேண்டும். தூரத்து ஸ்னைப்பரோடு மல்லுக்கு நிற்கவே வேண்டாம்.

அப்புறம், ராக்கெட் ஜம்ப். கீழே பார்த்து, குதித்து, குனிந்தபடி காலடியில் சுட்டால் ஆள் மாடி உயரத்துக்குப் பறப்பார். அதற்குச் சொந்த உயிரில் முப்பது நாற்பது புள்ளி போகும். எதிரணிக்குப் பின்னால் போய் இறங்கலாம், மெடிக்கைத் தேடிப் பிடிக்கலாம், செத்துத் திரும்பி வரும்போது சண்டைக்குச் சீக்கிரம் வந்து சேரலாம். நடை மெதுவு என்ற குறை இதில் போய்விடும். ஆனால் முதல் வாரத்தில் இதற்கு ஆசைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. தரையில் நின்று சண்டை போடப் பழகாமல் பறந்தால் எதிரிகளின் நடுவில் போய் விழுந்து சாவதுதான் மிச்சம். பழகின பிறகு, ரசிகர்களே உருவாக்கிய ஜம்ப் மேப்கள் உண்டு, அங்கே தனியாகப் பயிற்சி செய்யலாம்.

கேமுக்குள் இருக்கும் பயிற்சிப் பகுதியில் சோல்ஜருக்குப் பாடம் உண்டு, முதலில் அதை முடித்துவிடுங்கள். மெடிக்குக்கு அங்கே பாடமே கிடையாது. புது ஆளை நேராக மெடிக்காக அனுப்புவதை நான் எதிர்க்க இதுவும் ஒரு காரணம்.

கடைப் பக்கம் தொப்பியும் துப்பாக்கியும் மின்னும். உடனே எதையும் வாங்க வேண்டாம். தொடக்கத்திலேயே கொடுக்கும் சாதாரண ராக்கெட் லாஞ்சரைத்தான் பழுத்த ஆட்டக்காரர்களும் விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆடிக்கொண்டிருந்தால் வேறு ஆயுதங்கள் அவ்வப்போது தானாகவே வந்து சேரும். அப்படி கன்போட்ஸ் கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஷாட்கனுக்குப் பதிலாக மாட்டும் அந்த பூட்ஸ் ராக்கெட் ஜம்பில் படும் அடியை 60 சதவீதம் குறைக்கும். ஜம்ப் கைவந்த பிறகு மாட்டுங்கள், அதுவரை ஷாட்கன் உங்களோடு இருக்கட்டும்.